முன்மொழிகிறவர் எந்த வார்டு? ஊராட்சித் தேர்தலுக்கு முதல்முறை மனு போடுகிறவர்களுக்கு

வேட்புமனுப் படிவத்தில் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் யாருக்கும் எழுத வரும். ஆளைத் தடுமாற வைப்பது இரண்டே இடங்கள். ஒன்று, வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண்ணும் வரிசை எண்ணும். இன்னொன்று, உங்களை முன்மொழிகிறவரின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும். கோத்தகிரிப் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கெழுதி வருகிறவள் நான். 2019 டிசம்பரில் எங்கள் குழுக்களிலிருந்து சில பெண்கள் ஊராட்சித் தேர்தலில் நின்றபோது கூடவே அலைந்தேன். வார்டு உறுப்பினருக்கு மனு போட்ட ஓர் அக்காவுக்கு நானே முன்மொழிந்து கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கையெழுத்து செல்லவில்லை. கல்யாணமாகி ஒரு ஹட்டியிலிருந்து (எங்கள் மலைக் கிராமங்களை அப்படித்தான் சொல்வோம்) பக்கத்து ஹட்டிக்கு வந்தவள் நான். இரண்டுக்கும் நடுவில் ஒரு தேயிலைச் சரிவுதான். ஆனால் பட்டியலில் என் பெயர் பழைய ஹட்டியிலேயே, வேறு வார்டில் இருந்தது. மனு வாங்கிய அலுவலர் ஸ்கேல் வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, "முன்மொழிபவர் இந்த வார்டு இல்லையே அம்மா" என்றார். மணி நாலரை. ஐந்து மணிக்கு மேல் வாங்க மாட்டார்கள். அந்த அக்கா ஒரு நாள் கொழுந்துக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் அதே வார்டில் இருக்கும் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு, புதுப் படிவம் எழுதி, மறுபடியும் வந்தோம். இன்னும் நாள் இருந்ததால் பிழைத்தோம். கடைசி நாளாக இருந்திருந்தால் அந்த அக்காவின் தேர்தல் அந்த மேஜையிலேயே முடிந்திருக்கும். நான் பட்டியலைப் பார்க்காதது மட்டுமே அதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊருக்கு உழைக்கிற, ஊர் நம்புகிற ஒருவர் ஒரு தாளுக்குப் பயந்து ஒதுங்கக் கூடாது.

எந்தப் பதவி, எந்த அலுவலகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு. படிவம், டெபாசிட், வயது, விதி எல்லாமே வேறு. ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் சொல்லிக் குழப்புகிற அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் படிவத்தோடு தருகிற குறிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீலகிரியில் 4 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன: உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர். அவற்றுக்குள் 35 கிராம ஊராட்சிகள். கிராமத்து வாக்காளர் ஒரே நேரத்தில் நான்கு ஓட்டுப் போடுகிறார். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், கிராம ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சி அடிப்படையில் போட்டி. தலைவருக்கு ரோஸ் நிற ஓட்டுச்சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்றியத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் பதவிகளும் அப்படித்தான், கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே "ஒன்றியத் தலைவருக்கு நிற்கிறேன்" என்று யாரும் நேராக மனு போட முடியாது. முதலில் கவுன்சிலராக ஜெயிக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, வார்டு உறுப்பினரிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். வார்டு சின்னது. ஓட்டுக் கேட்டு நடக்கிற தூரம் ஒரு நாளில் முடியும். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, நடைபாதை என்று பேசப் போகிற விஷயம் உங்கள் கண்ணெதிரில் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு வருஷமாக கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்டுப் பழகியவர் என்றால் தயங்காமல் தலைவருக்கே போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு கிராம சபைகள் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு முகம் காட்டுகிறவரையும், இந்த ஆறு நாளும் வந்து பாயில் உட்கார்ந்தவரையும் ஊர் பிரித்துப் பார்க்கும்.

தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டியவை

அறிவிப்பு வந்த பிறகு கிடைக்கிற நாட்கள் மிகக் குறைவு. 2019-ல் டிசம்பர் 9-ஆம் தேதி மனு தாக்கல் தொடங்கி 16-ஆம் தேதி முடிந்தது. 17 அன்று பரிசீலனை. 19 அன்று பிற்பகல் 3 மணிக்குள் வாபஸ். 27-லும் 30-லும் ஓட்டு. அவ்வளவுதான். இந்த மலையில் டிசம்பர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் உறைபனி, மதியத்துக்கு மேல் மூடுபனி, ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நேரம் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் சான்றிதழுக்கு அலைய முடியாது.

முதல் வேலை, வாக்காளர் பட்டியல். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வாக்காளர் அட்டை கையில் இருப்பது போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்து வார்டு வார்டாகப் பிரிக்கப்படுவது. அதனால் சட்டமன்றப் பட்டியலில் இல்லாத பெயர் இதிலும் வராது. பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இது கொஞ்சம் சிக்கலான சமாசாரம். எஸ்டேட் மாறுகிறவர்களின் பெயர் பழைய லைன் வீட்டு முகவரியிலேயே கிடக்கும். கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் பிறந்த ஹட்டியில் இருக்கும். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். இருளர், குறும்பர் குடியிருப்புகளான பதிகளில் வயசானவர்களின் வயது பட்டியலில் குத்துமதிப்பாக இருக்கும். எல்லாவற்றையும் திருத்தலாம். ஆனால் திருத்த நாள் பிடிக்கும். முதலில் உங்கள் பெயரை எடுத்துப் பாருங்கள். பிறகு யார் முன்மொழிவார் என்று நினைக்கிறீர்களோ அவர் பெயரையும் எடுத்துப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இந்த இரண்டாவதைத்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். வார்டு உறுப்பினராக நிற்கிறவர் அந்த ஊராட்சியின் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிகிறவர் மட்டும் நீங்கள் போட்டியிடும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். தலைவர் பதவி என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளராக இருந்தால் போதும்.

இரண்டாவது வேலை, இட ஒதுக்கீடு. உங்கள் வார்டு பொதுவா, பெண்களுக்கா, தாழ்த்தப்பட்டோருக்கா, பழங்குடியினருக்கா என்று அரசிதழில் வரும். சுழற்சி முறையில் மாறும், போன தடவை இருந்தது போல இந்தத் தடவை இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்குப் பாதி இடங்கள் என்று 2016-ல் சட்டம் வந்தது. பெண்கள் பொது வார்டிலும் நிற்கலாம். இதைப் பல இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. "இது லேடீஸ் வார்டு இல்லையே" என்று சொல்லியே ஓர் அக்காவை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். பொது என்றால் எல்லாருக்கும் பொது.

ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்கிறவருக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தருகிறார்கள். கோத்தகிரிக்காரர்களுக்குக் குன்னூர் கோட்டம், பந்தலூர்க்காரர்களுக்குக் கூடலூர் கோட்டம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடிகள் வாழ்கிற மாவட்டம் இது. அப்படியிருந்தும் சான்றிதழ் கையில் இல்லாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. விண்ணப்பித்தால் விசாரணை உண்டு, நாளாகும். குஞ்சப்பனை, அரக்கோடு பக்கத்துப் பதிகளில் நிற்க ஆசைப்படுகிற இளைஞர்கள், பெண்கள் யாராவது இதைப் படித்தால், தேர்தல் தேதிக்குக் காத்திராமல் இந்த மாதமே விண்ணப்பம் போடுங்கள். படுகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் பழங்குடியினர் இடத்தில் மனு போட முடியாது. பட்டியலை மாற்றச் சொல்லி நெடுநாள் கோரிக்கை இருக்கிறது. ஆனால் பரிசீலனை மேஜையில் கையிலிருக்கும் சான்றிதழ் மட்டும்தான் பேசும்.

மூன்றாவது, வரி பாக்கி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊராட்சிக்கு நீங்கள் தர வேண்டியது நிலுவையில் இருந்தால் தகுதிக்கே சிக்கல் வரும். கட்டிவிட்டு ரசீதும், பாக்கியில்லை என்ற சான்றும் வாங்கி வையுங்கள். அரசு வேலையில் இருப்பவர்களும், ஊராட்சி ஊழியர்களும், அந்த ஊராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்து நடத்துகிறவர்களும் நிற்க முடியாது. ரோடு காண்ட்ராக்ட் கணவர் பெயரில் இருக்கிறது, நிற்பது மனைவி என்றால் மனு போடும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது.

மனு எழுதுகிற நாள்

படிவம் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு மூன்று பிரதிகள் வாங்குங்கள். ஒன்றில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பெயரை வாக்காளர் பட்டியலில் இருக்கிறபடியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரில் ஊருக்கே உங்களைத் தெரியும் என்றால் ஓட்டுச்சீட்டில் அது எப்படி வரும் என்று அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், தலைப்பெழுத்து மாறினால் ஓட்டு மாறிவிடும்.

மனுவோடு உறுதிமொழி ஆவணம் ஒன்று வரும். உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா, சொத்து என்ன, கடன் என்ன, படிப்பு என்ன என்று கேட்டிருக்கும். இதில் ஒரே விதி: எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். கோடு போட்டு விடாதீர்கள். சட்டமன்ற, மக்களவை வேட்பாளர்களின் ஆவணம் பற்றி 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கட்டங்களைக் காலியாக விட்ட ஆவணத்தோடு வரும் மனுவை நிராகரிக்கலாம் என்றே சொன்னது. குழுக் கடன், நகைக் கடன், கூட்டுறவுக் கடன் எல்லாம் கடன்தான். எழுதுங்கள். கடன் இருப்பது அவமானம் இல்லை, இந்த மலையில் பசுந்தேயிலை விலையை நம்பி வாழ்கிற யாருக்குத்தான் கடன் இல்லை? மறைத்தால்தான் தப்பு. முத்திரைத் தாள் வேண்டுமா, நோட்டரி கையெழுத்து வேண்டுமா என்பது பதவிக்குப் பதவி மாறும். படிவத்தோடு வரும் குறிப்பில் அது இருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் நிற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. கைநாட்டு வைக்கிறவரும் நிற்கலாம். அலுவலர் முன்னிலையில் வைத்து அவர் சான்றளிக்க வேண்டியிருக்கும், அதற்கென்று நேரம் ஒதுக்கி வாருங்கள். படித்த பிள்ளை ஒருவர் கூட இருந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டட்டும். தான் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரியாமல் ஒருவரையும் வைக்க விடாதீர்கள்.

டெபாசிட் பணம் பற்றி ஊரில் பெரிய பெரிய கணக்கெல்லாம் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2019-ல் இருந்தது இதுதான்: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இதில் பாதி. 2022 நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சி வார்டுக்கு 1,000, நகராட்சி வார்டுக்கு 2,000, அதிலும் அவர்களுக்குப் பாதி. அடுத்த அறிவிப்பில் தொகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனுவை எந்த அலுவலகத்தில் தர வேண்டும் என்பதும் அறிவிப்பில் பதவி வாரியாக இருக்கும். உங்கள் ஊராட்சி அலுவலகமா, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸா என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். தேனாட்டிலிருந்து கிளம்பிக் கோத்தகிரிக்கு வந்த பிறகு "இங்கே இல்லை" என்று கேட்பது கொடுமை.

கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் நம்பிக்கை. ஆனால் எல்லாரும் பார்க்கிற அதே நல்ல நேரத்தில் வரிசையும் நீளமாக இருக்கும். முதல் இரண்டு நாளில் போட்டுவிட்டால், தப்பு இருந்தாலும் திரும்ப எழுத நாள் இருக்கும்.

அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் பையில் இவை இருக்கட்டும்: வாக்காளர் பட்டியலில் உங்கள் பக்கம், முன்மொழிபவரின் பக்கம், இருவரின் வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ் அசலும் நகலும், வரி ரசீது, டெபாசிட் பணம் சில்லறையாக, நான்கைந்து புகைப்படம், நீல மை பேனா. ஒரு ஃபிளாஸ்க் டீயும் வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்கிறபோது பக்கத்தில் நிற்கிற எதிர் வேட்பாளருக்கும் சேர்த்து.

பரிசீலனை அன்று வீட்டில் இருக்காதீர்கள்

மனு கொடுத்ததும் வேலை முடிந்தது என்று பலர் கொழுந்து பறிக்கப் போய்விடுகிறார்கள். பரிசீலனை அன்று நீங்களோ, முன்மொழிந்தவரோ நேரில் இருக்க வேண்டும். யாராவது உங்கள் மனு மேல் ஆட்சேபம் சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எழுத்துப் பிழை, எண்ணில் சின்னத் தவறு போன்றவற்றுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்பது பொதுவான விதி. வயது, பட்டியலில் பெயர், ஒதுக்கீடு, டெபாசிட், கையெழுத்து, இப்படி அடிப்படையானவற்றில் குறை இருந்தால்தான் தள்ளுவார்கள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோபப்பட்டுக் கத்துவதால் அங்கே ஒன்றும் நடக்காது. எழுத்தில் வாங்கிய காரணம் இருந்தால்தான் மேலே போக முடியும்.

வாபஸ் நாள் வரை உள்ள இரண்டு நாள்தான் மனு போட்டவருக்கு உண்மையான சோதனை. ஊரே ஒன்றுகூடிப் பேசி, ஒருவரை நிறுத்துவோம், மற்றவர்கள் விட்டுக்கொடுப்போம் என்று மனமுவந்து முடிவு செய்தால் அதில் தவறில்லை. போட்டியின்றித் தேர்வாவதைச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் பதவியை ஏலம் விடுவது வேறு. 2019-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் பணத்துக்கு ஏலம் விட்டார்கள் என்று செய்தி வந்து, தேர்தல் ஆணையமே எச்சரிக்க வேண்டியிருந்தது. மனு போடாதே என்று பணம் கொடுப்பதும், வாபஸ் வாங்கு என்று பணம் கொடுப்பதும், அதை வாங்குவதும் லஞ்சக் குற்றம். கோயில் திருப்பணிக்கு என்று சொன்னாலும் குற்றம் குற்றமே. பதவியை விலைக்கு வாங்கியவர் போட்ட முதலை எங்கிருந்து எடுப்பார்? உங்கள் தெருவின் குழாயிலிருந்துதான் எடுப்பார்.

மனு போடுவதற்கே பயப்பட வேண்டியிருந்த ஊர்களும் இந்த மாநிலத்தில் இருந்தன. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது, மனு போட ஆளில்லாமலும், ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தும் பத்து வருஷம் ஓடியது. 2006-ல்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் வந்தார்கள். அதே மாவட்டத்தில், அப்படி ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசன் 1997-ல் கொல்லப்பட்டார். ஒரு மனுத் தாளின் கனம் என்ன என்பது அந்த ஊர்களுக்குத் தெரியும். நம் மலையில் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதற்காக, பதியிலிருந்து வருகிற பெண்ணிடம் "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று கேட்பது சின்ன விஷயமாகிவிடாது. மிரட்டல் என்று தோன்றினால் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாபஸ் நேரம் முடிந்ததும் சின்னம். வார்டுக்கும் தலைவருக்கும் பூட்டுச்சாவி, ஆட்டோ போலப் பொதுச் சின்னங்கள்தான். வயசானவர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் காணுகிற சின்னமாகக் கேளுங்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். 2019-ல் செலவு வரம்பு வார்டுக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியத்துக்கு 85,000, மாவட்டத்துக்கு 1,70,000. முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்த தேர்தலில் தகுதியிழப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் செய்தது: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, டீக்குக் கொடுத்த காசிலிருந்து நோட்டீஸ் அச்சடித்தது வரை அன்றன்றைக்கே எழுதினேன். கடைசி நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டி வரவில்லை.

ஓட்டில்லாமல் வரும் இடம் ஒன்று

மாற்றுத்திறனாளிகளுக்கு இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தங்களின்படி, ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக வர முடியும். ஒன்றியத்துக்கும், மாவட்டத்துக்கும், நகர்ப்புற மன்றங்களுக்கும் இது பொருந்தும். இதற்கு ஓட்டு இல்லை, விண்ணப்பம்தான். படிக்கட்டு நூறு ஏறிப் போக வேண்டிய ஹட்டிகளில் நடக்க முடியாதவர் ஒருவர் மன்றத்தில் உட்கார்ந்தால், கைப்பிடிக் கம்பி எங்கே வேண்டும் என்று வேறு யார் சொல்ல வேண்டும்? உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தானாக விண்ணப்பிக்கிற தைரியம் பலருக்கு வருவதில்லை.

விருதுக்கு ஒருவரை முன்மொழிவது

தேர்தலில் முன்மொழியக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு இதுவும் தோன்றியது. நல்லவர்களுக்கு விருது தானாக வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அதற்கும் யாராவது எழுதி அனுப்ப வேண்டும்.

பத்ம விருதுகளுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே கூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் விருதுகள் இணையதளத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும். அரசு ஊழியர்களுக்கு, டாக்டர்கள், விஞ்ஞானிகள் தவிர, தகுதியில்லை. பணப் பரிசு இல்லை. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் பட்டமாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. குடியரசு தினத்தையொட்டி அறிவிப்பார்கள். கடைசித் தேதி ஒவ்வொரு வருஷமும் மாறுகிறது, வருஷத் தொடக்கத்திலிருந்தே தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மாநில அரசின் ஔவையார் விருது, கல்பனா சாவ்லா விருது போன்றவற்றுக்கும் ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வரும்.

நம் மலையடிவாரத்தில் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நூறு வயது தாண்டியும் இயற்கை விவசாயம் செய்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஊராட்சி வார்டு உறுப்பினராகவும், காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட அதே கை.

விருதுப் பரிந்துரையில் முக்கியமானது 800 சொற்களுக்குள் எழுத வேண்டிய விவரக் குறிப்பு. அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். "தன்னலமற்ற சேவைச் செம்மல், ஏழைகளின் விடிவெள்ளி" என்று எழுதினால் 800 சொல்லும் அதிலேயே தீர்ந்துவிடும், அவர் என்ன செய்தார் என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. எந்த வருஷத்திலிருந்து, எந்த ஊர்களில், எத்தனை பேருக்கு, என்ன செய்தார், அதனால் என்ன மாறியது, இதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆதாரம் தேடி வையுங்கள்: பழைய செய்தித்தாள், புகைப்படம், பள்ளிப் பதிவேடு, குழுத் தீர்மானம்.

எழுதுவதற்கு முன் அந்த ஆளிடம் சம்மதம் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் ரோடு வராத காலத்தில் ஹட்டி ஹட்டியாக நடந்தே போய்ப் பிரசவம் பார்த்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருக்காக மாநில விருது ஒன்றுக்கு எழுதிக்கொண்டு போனேன். அடுப்படியில் உட்கார வைத்து, உப்புப் போட்ட டீ கொடுத்து, வாசி என்றார். வாசித்தேன். முதல் பிரசவம் பார்த்தது இந்த வருஷம் என்று நான் எழுதியிருந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த வருஷம் இல்லம்மா. பெரிய மண்சரிவு வந்துதே, அதுக்கு அடுத்த வருஷம். அந்தப் பிள்ளை இப்ப மேட்டுத் தெருவுல இருக்கான், அவனோட அட்டையப் பாரு, தெரியும்."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.